வாழ்நாள் உத்தரவாதம் உள்ள கார்பன் ஃபிரேமில் விரிசல்: "மோதல் சேதம்" என்று மறுத்துவிட்டார்கள், அடுத்து என்ன?

கிழக்குக்கடற்கரை (சென்னை)

என் ரோடு பைக்கின் கார்பன் ஃபிரேமில், வலப்பக்கச் செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) பாட்டம் பிராக்கெட்டோடு (பெடல் அச்சின் பேரிங் உட்காரும் பகுதி) சேரும் இடத்தில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. துடைத்தால் போகவில்லை, நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கிறது. 2018இல் சென்னையில் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் புதிதாக வாங்கிய, ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கவ்வும் பிரேக்) உள்ள மாடல். ரசீது இருக்கிறது, நிறுவனத்தின் தளத்தில் ஃபிரேம் எண்ணையும் பதிவு செய்திருக்கிறேன். வண்டி கீழே விழுந்ததும் இல்லை, எதிலும் மோதியதும் இல்லை. முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதம் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

டீலருக்கு வாட்ஸ்அப்பில் சில படங்களை அனுப்பினேன். மறுநாளே, இது மோதலால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் வராது, வேண்டுமானால் விபத்து மாற்றுத் திட்டத்தில் தள்ளுபடி விலைக்குப் புது ஃபிரேம் வாங்கித் தருகிறோம் என்று பதில் வந்துவிட்டது. ஃபிரேமை ஒருவரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. விவகாரம் இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரையும் டீலரின் பெயரையும் இங்கே எழுதவில்லை; தயவுசெய்து ஊகிக்கவும் வேண்டாம். நான் அறிய விரும்புவது இதுதான்: படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு முடிவுக்கு வர முடியுமா? வர முடியாது என்றால், அதை யாரிடம், எப்படி மறுத்துக் கேட்பது?

நொய்யல்மிதி (கோயம்புத்தூர்)

வண்டியை இனி ஓட்ட வேண்டாம். அதைவிட முக்கியமாக, பெயின்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே நார் உடைந்திருக்கிறதா என்று அறியும் ஆவலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகு உத்தரவாதம் கேட்டு வருபவர்களை என் பட்டறையில் பார்க்கிறேன். தேய்த்த இடத்தில் முதலில் என்ன இருந்தது என்பதை அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது. "உரிமையாளர் மாற்றம் செய்த ஃபிரேம்" என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் கோரிக்கையை மூடிவிடுவார்கள்.

படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றால், சில சேதங்களைச் சொல்லலாம். கல்லோ கைப்பிடியோ இடித்த இடத்தில் பெயின்ட் சில்லாகப் பெயர்ந்திருக்கும், நடுவில் ஒரு புள்ளியிலிருந்து விரிசல்கள் பல திசையில் பரவியிருக்கும், மேற்பரப்பு சற்று உள்வாங்கியும் இருக்கலாம். செயின் கழன்று செயின்ரிங்குக்கும் (முன்பல்சக்கரம்) செயின்ஸ்டேக்கும் இடையில் சிக்கியிருந்தால் உழுத சால்போலக் கீறல்கள் தெரியும். உங்கள் விரிசல் வலப்பக்கத்தில் இருப்பதால் நிறுவனம் முதலில் சந்தேகிக்கப்போவது இதைத்தான். ஆகவே அந்தக் கோட்டைச் சுற்றிக் கீறல் எதுவும் இல்லை என்பதைக் காட்டும் படம், கோட்டைக் காட்டும் படத்துக்குச் சமமான மதிப்புடையது.

ஒட்டு விட்டுப்போவதால் வரும் விரிசலின் நடத்தை வேறு. பெரும்பாலான கார்பன் ஃபிரேம்கள் ஒரே அச்சில் முழுசாக வார்க்கப்படுவதில்லை. முன் முக்கோணம், செயின்ஸ்டே, சீட்ஸ்டே (இருக்கைப் பக்கமிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) என்று தனித்தனியாகச் செய்து, பசை வைத்து ஒட்டி, மூட்டின் மேல் கூடுதலாக நார் சுற்றி, நிரப்பி, பெயின்ட் அடிக்கிறார்கள். ஒட்டு அசையத் தொடங்கினால் மேலே உள்ள பெயின்ட், மூட்டின் கோட்டை அப்படியே பின்பற்றி நேராகப் பிளக்கும். பாட்டம் பிராக்கெட்டுக்குள் அலுமினியக் குழல் வைத்து ஒட்டிய ஃபிரேம்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. கார்பனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, வியர்வையோ உப்புக்காற்றின் ஈரமோ இடையில் புகுந்தால், அலுமினியம் அரிக்கத் தொடங்கி ஒட்டைப் பெயர்த்துவிடும். 1980களிலும் 90களிலும் அலுமினிய மூட்டுகளில் கார்பன் குழாய்களைச் செருகி ஒட்டிய ஃபிரேம்கள் கழன்று வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்போது இரண்டுக்கும் நடுவே கண்ணாடி நார்ப் படலம் வைக்கிறார்கள். அது சரியாக வைக்கப்படாத ஃபிரேமை மெரினாவுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயின்ட் மட்டும் வெடித்திருக்கவும் வாய்ப்புண்டு, அது ஆபத்தில்லை. நாணயத்தால் மெல்லத் தட்டி, இடப்பக்கத்து அதே இடத்தின் ஒலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல கார்பன் 'டக்' என்று தெளிவாக ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஆனால் பாட்டம் பிராக்கெட் அருகே சுவர் தடிமனாக இருப்பதால் காது ஏமாறும், அங்கே அல்ட்ராசவுண்ட் பரிசோதனைதான் நம்பத்தக்கது.

முன்னாள்கவுண்டர் (பெங்களூரு)

ஒரு சைக்கிள் கடையில் உத்தரவாதக் கோரிக்கைகளை அனுப்பும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. உங்களுக்கு வந்திருப்பது நிறுவனத்தின் மறுப்பா, டீலரின் அபிப்பிராயமா? உங்கள் பதிவைப் படித்தால் இரண்டாவது என்றே தோன்றுகிறது. நிறுவனத்துக்கு முறையாகக் கோரிக்கை போயிருந்தால் அதற்கென ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் கோரிக்கையே இன்னும் தாக்கல் ஆகவில்லை என்று பொருள். இல்லாத ஒன்றை யாரும் நிராகரித்துவிடவும் முடியாது.

டீலர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஃபிரேமைக் கழற்றி, துடைத்து, படம் எடுத்து, படிவம் நிரப்பி, பெட்டி கட்டி அனுப்பி, புதிது வந்தால் கேபிளெல்லாம் மறுபடி கோத்துக் கொடுக்கும் உழைப்புக்கு அவர்களுக்குக் கிடைப்பது பல நேரங்களில் ஒன்றுமில்லை. விபத்து மாற்றுத் திட்டத்தில் அதே ஃபிரேமை விற்றால் ஒரு விற்பனை நடக்கிறது. ஆகவே உழைப்புக் கூலியை நான் தருகிறேன், கோரிக்கையை முறையாகத் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். உத்தரவாதம் ஃபிரேமுக்கு மட்டுமே. கூலி, அனுப்பும் செலவு, புது ஃபிரேமுக்குப் பொருந்தாத உதிரிகள் ஆகியவை உங்கள் தலையில்தான் என்று பெரும்பாலான உத்தரவாதப் பத்திரங்களில் எழுதியே இருக்கும்.

அந்தக் கோரிக்கையைப் பார்க்கப்போகும் மனிதர் வேறொரு நாட்டில், ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அழுக்கு வண்டியின் மங்கலான படத்தைப் பார்த்து அவர் உங்களுக்குச் சாதகமாக முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. வண்டி முழுவதும் தெரியும் படம், ஃபிரேம் எண், ரசீது, விரிசலின் அருகில் அளவுகோல் வைத்த படம், எதிர்ப்பக்கத்து அதே இடம், முன்ஃபோர்க், ஹேண்டில்பார் முனைகள், பெடல், பின் டீரெயிலர் (கியர் மாற்றும் கருவி) ஆகியவற்றின் வெளிப்புறம் எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னவை ஏன் என்றால், விழுந்த வண்டியில் அங்கேதான் தேய்ந்த தடம் இருக்கும். தடம் இல்லை என்று காட்டிவிட்டால், 'மோதல்' என்று சொல்பவர் எதன் மீது, எப்படி என்று விளக்க வேண்டிய நிலைக்கு வருவார்.

ஏற்றம்400 (உதகமண்டலம்)

இவ்வளவு கோபம் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. "சும்மாதான் ஓட்டிக்கொண்டிருந்தேன், தானாக விரிந்துவிட்டது" என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் எழுதியிருக்கும். அவற்றில் பல பொய் என்பது எல்லாருக்கும் தெரியும். சுவரில் சாய்த்த வண்டி பக்கவாட்டில் சரிவது, காரின் பின்னால் கட்டிய ஸ்டாண்டின் பட்டை டாப் டியூபை (ஃபிரேமின் மேல்குழாய்) நெரிப்பது, பட்டறை ஸ்டாண்டில் சீட்போஸ்டுக்கு (இருக்கைத் தண்டு) பதிலாக டாப் டியூபைக் கவ்வ வைப்பது, ஐந்து நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும் போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்குவது என்று உரிமையாளருக்குத் தெரியாமலே ஃபிரேம் அடிபட எத்தனையோ வழிகள் உண்டு. அத்துடன் 'வாழ்நாள்' என்றால் உங்கள் வாழ்நாள் என்று யார் சொன்னது? பயன்பாட்டால் வரும் தேய்மானமும் களைப்பும் (திரும்பத் திரும்பச் சுமை ஏறுவதால் பொருள் வலுவிழப்பது) உத்தரவாதத்தில் சேராது என்று அதே பத்திரத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. ஆண்டுகள் பல ஓடிய ஃபிரேமுக்குத் தள்ளுபடி கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு ஓட்டப் போவதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம்.

நொய்யல்மிதி (கோயம்புத்தூர்)

ஏற்றம்400 ஐயா சொல்லும் சேதங்கள் உண்மைதான், ஆனால் அவர் அடுக்கியவற்றில் ஒன்றுகூட செயின்ஸ்டேயின் வேரைத் தொடுவதில்லை. நெரிபட்டது டாப் டியூபில் தெரியும், அதிகம் இறுக்கியது கிளாம்ப்பில் தெரியும். களைப்பைப் பற்றி ஒரு சொல். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஃபிரேமின் மீது மிதிக்கும் விசையை ஒரு லட்சம் சுற்றுகள் செலுத்திச் சோதிக்க வேண்டும். அது குறைந்தபட்சத் தகுதி. ஆயுள் அளவு அல்ல. சரியாக அடுக்கி, காற்றுக்குமிழ் இல்லாமல் வேகவைத்த கார்பன், வடிவமைத்த சுமைக்குள் அலுமினியத்தைவிடக் களைப்பை நன்றாகவே தாங்கும். மூட்டில் பிளக்கிறது என்றால் நான் பசையைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

வழக்காடி (மதுரை)

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது பொதுவான விளக்கமே, உங்கள் ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை அல்ல.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, 'குறைபாடு' என்பது சட்டத்தால் வகுக்கப்பட்ட தரத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தத்தின்படியோ விற்பவர் எந்த வகையிலாவது சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் காணப்படும் குறையையும் சேர்த்துக்கொள்கிறது. வாழ்நாள் உத்தரவாதம் என்று விளம்பரத்திலும் கடையிலும் சொல்லி விற்றது இங்கே பொருட்படுத்தத்தக்கது. குறைபாடு நிறுவப்பட்டால், அதை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ 39ஆம் பிரிவின் கீழ் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம்.

இணையத்தில் பலர் 'பொருட்பொறுப்பு' (பொருளால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரும் விற்பவரும் ஏற்கும் பொறுப்பு) அத்தியாயத்தைக் காட்டி வீரவசனம் பேசுகிறார்கள். ஃபிரேம் உடைந்து நீங்கள் விழுந்து காயப்பட்டால் அது பொருந்தும். ஆனால் அந்த அத்தியாயத்துக்கான 'தீங்கு' என்ற வரையறை, பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை வெளிப்படையாக விலக்கிவிடுகிறது. உங்களுடையது விரிசல் மட்டும் என்பதால், குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைவு என்ற அடிப்படையில்தான் புகார் எழுத வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்பட்ட புகாரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் கையாண்டுவிடுவார்.

நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டாம். டீலர், இந்திய இறக்குமதியாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். பொருளுக்குச் செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அது எந்த நாள் என்பது சர்ச்சைக்குரியதாகும் என்பதால்தான், மறுப்பை எழுத்தில், தேதியோடு வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நிறுவனங்கள் அந்தப் பதிவுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அரிது.

பரிசோதனை இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்று கருதினால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப 38ஆம் பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம். அத்தகைய வழக்கை 5 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை வேகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் விடுவது நல்லது.

தேம்ஸ்கரை (லண்டன்)

இங்குள்ள அனுபவத்திலிருந்து ஒன்று. உற்பத்தியாளரின் உத்தரவாதம் அவர்களாக விரும்பித் தருவது. விற்றவர் மீதுள்ள சட்ட உரிமை அதிலிருந்து தனியானது. பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015இன்படி, முதல் 6 மாதங்களில் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். அதன் பிறகு நிரூபிக்கும் சுமை நம்மிடம் வந்துவிடும், ஆனால் இங்கிலாந்தில் 6 ஆண்டுகள் வரை வழக்குத் தொடுக்கலாம். விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்து, கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்கீழ் கார்டு நிறுவனமும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். 2023 அக்டோபரில் விக்கிள், செயின் ரியாக்ஷன் என்ற இணைய சைக்கிள் விற்பனைக் குழுமம் நொடித்துப்போனபோது, அவர்களுடைய விட்டஸ், நியூக்ப்ரூஃப் வண்டிகளை வாங்கியிருந்த பலருக்கு இந்தப் பிரிவின் அருமை புரிந்தது. வாழ்நாள் உத்தரவாதம் என்பது கொடுத்த நிறுவனத்தின் வாழ்நாளைத் தாண்டி நிற்காது.

இரண்டாம்கை (சிங்கப்பூர்)

இழையை விட்டு அதிகம் விலகாத ஒரு துணைக்கேள்வி. நான் இங்கே வாங்கிய பழைய கார்பன் வண்டியை ஊருக்கு எடுத்துவரப் போகிறேன். முதல் உரிமையாளரின் ரசீது என் கையில் இருந்தால் உத்தரவாதம் தொடருமா?

முன்னாள்கவுண்டர் (பெங்களூரு)

ட்ரெக், ஸ்பெஷலைஸ்டு, ஜயண்ட் போன்றவர்களின் வாழ்நாள் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு உரியது. கேன்யன் வாழ்நாள் என்று சொல்லாமல் ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் 6 ஆண்டுகள் என்று வரையறுத்திருக்கிறது. எனக்கு இந்த நேர்மை பிடிக்கும். ரசீதை வைத்துக்கொண்டு முதல் உரிமையாளர்போல நடிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், பதிவில் இருக்கும் பெயர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பாதுகாப்புக் காரணமாக நிறுவனம் திரும்ப அழைக்கும் பாகங்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. வண்டி யாரிடம் இருந்தாலும் சரிசெய்து தருவார்கள். 2021 மார்ச்சில் லெ சாமின் சைக்கிள் பந்தயத்தில் மாத்தியூ வான் டெர் பூல் என்ற வீரரின் கேன்யன் ஏரோட் வண்டியின் ஹேண்டில்பார் உடைந்ததையடுத்து, அந்த ஹேண்டில்பார் உள்ள வண்டிகளை ஓட்ட வேண்டாம் என்று கேன்யன் அறிவித்தது. அதே ஆண்டு ஸ்பெஷலைஸ்டு, டார்மாக் எஸ்.எல்.7 வண்டியின் ஹெட்செட் (முன்ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) பாகத்துக்காகத் திரும்ப அழைத்தது. பழைய வண்டி வாங்குபவர் ஃபிரேம் எண்ணை வைத்து முதலில் பார்க்க வேண்டியது இதை.

வேறு நாட்டில் வாங்கியதற்கு இங்குள்ள டீலர் கோரிக்கை எடுக்க மறுக்கவும் கூடும். வெளிநாட்டிலிருந்து மாற்று ஃபிரேம் நேராக உங்கள் முகவரிக்கு வந்தால், இலவசம் என்பதற்காகச் சுங்கத்துறை அதன் மதிப்பைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளாது.

கிழக்குக்கடற்கரை (சென்னை)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

முன்னாள்கவுண்டர் சொன்னபடி கோரிக்கை எண் கேட்டேன். இல்லை. படங்களைப் பார்த்துக் கடை மேலாளர் தாமாகச் சொன்ன பதில்தான் எனக்கு வந்தது. மறுப்புக்கான தொழில்நுட்பக் காரணத்தையும் அதைத் தீர்மானித்தவரின் பதவியையும் எழுத்தில் தரும்படி மின்னஞ்சல் அனுப்பி, இந்திய அலுவலகத்துக்கும் நகல் வைத்தேன். சட்டம் எதையும் குறிப்பிடவில்லை. அதன் பிறகு அவர்களாகவே ஃபிரேமைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, கிராங்க்கையும் (பெடல் கை) பாட்டம் பிராக்கெட் பேரிங்கையும் எடுத்துவிட்டு உட்புறத்தைப் படம் பிடித்தார்கள். உள்ளே வலப்பக்கம் அலுமினியக் குழலின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தது. நொய்யல்மிதி சொன்ன அதே அரிப்பு. நிறுவனம் கோரிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது புதுச் சிக்கல். என் மாடல் உற்பத்தியில் இல்லை. அவர்கள் தருவதாகச் சொல்வது இன்றைய டிஸ்க் பிரேக் ஃபிரேம். என் பிரேக், சக்கரங்கள், சீட்போஸ்ட் எதுவும் அதில் பொருந்தாது. இலவசமாகக் கிடைக்கும் ஃபிரேமைப் பூட்ட நான் ஒரு புது வண்டியின் பாதி விலையைச் செலவழிக்க வேண்டும். "இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

முன்னாள்கவுண்டர் (பெங்களூரு)

வாழ்த்துகள், ஆனால் கையெழுத்துப் போடாதீர்கள், இன்னும் பேச இடமிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ரிம் பிரேக் ஃபிரேம்களைக் கைவிட்ட பிறகு இது எல்லா ஊரிலும் நடக்கிறது. மூன்று வழிகள் இருக்கின்றன, இந்த வரிசையிலேயே கேளுங்கள். ஆசியாவின் எந்தக் கிடங்கிலாவது உங்கள் அளவில் பழைய ரிம் பிரேக் ஃபிரேம், நிறம் எதுவானாலும், மிச்சமிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஒரு படி கீழ் மாடலாக இருந்தாலும் ஏற்கத்தக்கது. இல்லையென்றால், ஃபிரேமின் மதிப்பை ஒரு முழு வண்டியின் விலையில் கழித்துத் தரும்படி கேளுங்கள்; டீலருக்கும் அதில் விற்பனை இருப்பதால் உங்களுக்காக அவரே வாதாடுவார். அதுவும் இல்லையென்றால், சக்கரத்தையும் பிரேக்கையும் டீலரின் கொள்முதல் விலைக்குக் கேளுங்கள்.

வழக்காடி (மதுரை)

கடிதத்தைப் பொறுத்தவரை, புது ஃபிரேமின் மாடல், அளவு, வழங்கும் தேதி மூன்றும் அதில் எழுதப்பட வேண்டும். புது ஃபிரேமுக்கான உத்தரவாதம் இன்றிலிருந்து தொடங்குகிறதா, 2018ஆம் ஆண்டு ரசீதின் தொடர்ச்சியா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டில் எது என்று சொல்லாத கடிதம் அடுத்த தகராறுக்கு விதை. பொருந்தாத உதிரிகளைப் பற்றிய உங்கள் உரிமையைக் கைவிடவில்லை என்று ஒரு வரி சேர்க்க அவர்கள் மறுத்தால், "எதிர்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தின் மேல் நீங்களே எழுதிவிட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்மிதி (கோயம்புத்தூர்)

பழைய ஃபிரேமை அறுத்துப் படம் அனுப்பச் சொல்லி டீலருக்கு உத்தரவு வரும். மறுபடி யாரும் அதை ஓட்டவோ விற்கவோ கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். புது ஃபிரேம் உங்கள் கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, பாட்டம் பிராக்கெட் துளையை அளந்து முடிக்கும்வரை அறுக்க விடாதீர்கள். பிரஸ்ஃபிட் பி.பி.86 (பேரிங்கை அழுத்திப் பொருத்தும் ஒரு வகை) என்றால் துளை 41 மில்லிமீட்டர். இரு பக்கமும் வட்டமாகவும் ஒரே நேர்க்கோட்டிலும் இருக்கிறதா என்று உள்ளளவுமானியால் பார்க்கச் சொல்லுங்கள். அது கோணலாக இருந்து பின்னால் கிறீச்சிடத் தொடங்கினால், சத்தம் குறைபாடு அல்ல என்று சொல்லிவிடுவார்கள். அளவு எழுதிய தாள் இருந்தால் அப்படிச் சொல்வது கடினம்.

கிழக்குக்கடற்கரை (சென்னை)

கிடங்கில் தேடச் சொல்லி இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். தைவானில் என் அளவில் ரிம் பிரேக் ஃபிரேம் ஒன்று இருக்கிறதாம், கீழ் மாடல், நிறம் கத்திரிப்பூ. கத்திரிப்பூ நிறத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உத்தரவாதத் தொடக்கத் தேதியைப் பற்றிய வரியைச் சேர்த்துக் கடிதத்தைத் திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்தவுடன் கையெழுத்திடுவேன்.